ஹேமாவின் நார்மல்

என் மனைவி ஹேமலதாவின் தேர்வுக்கு இரண்டு வகை ஆட்கள் தேவைப்பட்டார்கள். மனநோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள். உள்ளவர்கள் வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிந்ததும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இல்லாதவர்கள்தான் குடியாத்தம் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை.

இப்படிச் சொன்னால் ஹேமாவுக்குச் சிரிப்பு வராது. நாற்பதைத் தாண்டிய பிறகு தினமும் வேலூருக்கு பஸ் ஏறி மருத்துவ உளவியல் படித்தவள் அவள். தை மாதம் கடைசித் தேர்வு. தேறினால் பதிவு எண் வரும். அந்த எண் வந்தால்தான் ஒருவரைச் சோதித்துப் பார்த்து, இவருக்கு இன்ன கோளாறு என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடமுடியும். அதுவரை எதை எழுதினாலும் இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்கவேண்டும். தேர்வுக்கு முன் சோதனைகளைக் கை பழகும்வரை யார்மேலாவது செய்து பார்க்கவேண்டும். சோதனைக்கான சொற்களை ஒரே சீராக வாசிக்கவேண்டும், குரலை ஏற்றக்கூடாது, சரியான பதில் வந்தால் முகம் மலரக்கூடாது. இதற்கெல்லாம் எதிரில் ஒரு நார்மல் உட்கார்ந்திருக்கவேண்டும்.

முதலில் பக்கத்து வீட்டு அம்சவேணியைக் கேட்டாள். வீட்டோடு விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிற குடும்பம். அம்சவேணி தலையாட்டிவிட்டு, மறுநாள் கதவைப் பாதி திறந்து, எனக்குப் பைத்தியம் இருக்குதான்னு பாக்க வந்தியா என்று கேட்டாளாம். தெருவில் இன்னும் நாலு வீட்டில் இதே கதை. கடைசியில் வீட்டிலேயே சும்மா கிடைத்த ஆள் நான். பிரேம்குமார், நாற்பத்தெட்டு வயது, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். வீட்டு ஆட்களைச் சோதிக்காதே என்று அவளுடைய பேராசிரியர் ரஃபத் ஜஹான் மேடம் முதல் வருடமே சொல்லியிருந்தார். பழகத்தானே போகிறேன், ரிப்போர்ட்டா எழுதப்போகிறேன் என்றாள் ஹேமா.

சாப்பாட்டு மேசைதான் ஆஸ்பத்திரி. நான் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்காருவேன். எதிரில் அவள், கையில் ஸ்டாப்வாட்ச். முதலில் நோய் வரலாறு. கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் அவை. வலிப்பு வந்ததுண்டா, தைராய்டு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, தலையில் அடிபட்டதுண்டா. அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். "தலையில அடி, இல்ல. குடி, இல்ல. உங்களப் பத்தி எனக்குத் தெரியாததா" என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருத்திக்கு நம்மைப் பற்றி எல்லாமே தெரியும் என்றால், நம்மைப் பற்றி நாமே ஞாபகம் வைத்திருக்கிற வேலை குறைகிறது அல்லவா.

அப்புறம் சொற்கள். குடை, எலுமிச்சை, வாத்து, தபால், கயிறு என்று பதினைந்து. அவள் வாசித்து முடித்ததும் ஞாபகம் இருப்பதைத் திரும்பச் சொல்லவேண்டும். வேறு வேலை கொஞ்சம் கொடுத்துவிட்டு மறுபடி கேட்பாள். சலிப்பு வந்த நாட்களில் அவளை வம்புக்கு இழுப்பேன். வாத்து, வாத்து, வாத்து என்று பதினைந்து முறை சொல்வேன். ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். சமாதானம் செய்ய டீ போட்டுக் கொடுக்கவேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கீழே விழுந்தேன்.

அன்று காலை ஹெல்மெட்டுக்காக எங்களுக்குள் பெரிய சண்டை. நான் சின்னப் பையன் இல்லை என்று கத்திவிட்டு, ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வரும்போது பாலாற்றுத் தரைப்பாலத்தின் ஓரத்தில் சேறு. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலை தடுப்புக்கல்லில் மோதியது. கண் திறந்தபோது பால்காரர் ஒருவர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். காதுக்கு மேலே வீக்கம், ரத்தம் இல்லை. கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்ததும்தான், இதை ஹேமாவிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். காலையில் அவ்வளவு கத்திவிட்டு மாலையில் வீங்கிய தலையோடு போய் நிற்க எந்தப் புருஷனுக்கு மனம் வரும். முடியை இழுத்து வாரிக்கொண்டேன். முழங்கைச் சிராய்ப்புக்குக் கன்வேயர் பட்டது என்றேன். வீக்கம் வடிந்தது, நானும் மறந்துவிட்டேன்.

தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. பேஸ்டிங்கில் தலைவலி ஒரு வியாதியே இல்லை, யூனிஃபார்மோடு சேர்த்துக் கொடுப்பது. ஷூவின் மேல்தோலான அப்பரையும் அடிப்பாகமான சோலையும் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையில் நாள் முழுக்க நின்றால் யாருக்குத்தான் வலிக்காது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன்.

மார்கழியில் ஒரு நாள், கறுப்பு அப்பர் போகவேண்டிய லைனுக்குப் பழுப்பு சோலை அனுப்பிவிட்டேன். பக்கத்து கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஒவைஸ் பார்த்துவிட்டு, மேலே தெரிவதற்குள் லைனை நிறுத்தினான். பல வருஷமாக ஒன்றாகச் சாப்பிடுகிறவன். சாப்பாட்டு நேரத்தில், "இன்னா தோஸ்த், வாசனை மண்டைக்கு ஏறிடுச்சா? மாஸ்க்க ஒழுங்கா போடு" என்றான். நானும் சிரித்தேன். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எந்த சோல் எந்த லைனுக்கு என்று அன்று காலை நான்தான் பலகையில் எழுதியிருந்தேன். அது என் கையெழுத்து. எழுதியது ஞாபகம் இல்லை.

அந்த வாரமே மாதனூரில் அது நடந்தது. ஹைவேயில் வந்து மாதனூரில் இடப்பக்கம் திரும்பினால் குடியாத்தம் சாலை. கல்யாணமான நாள் முதல் தினமும் திரும்புகிற திருப்பம். அன்று அங்கே வந்ததும் எந்தப் பக்கம் என் வீடு என்று தெரியவில்லை. பலகை இருந்தது, குடியாத்தம் என்று படிக்கவும் முடிந்தது. அந்தப் பெயருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் விளங்கவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வண்டியை ஓரம் கட்டி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரையாவது கேட்கலாம் என்றால், அண்ணே என் வீடு எந்தப் பக்கம் என்று எப்படிக் கேட்பது. கடைசியில் குடியாத்தம் பஸ் ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்ட் வந்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. மறுநாளிலிருந்து வழி தெரிந்தாலும் பஸ்ஸுக்குப் பின்னால்தான் போனேன்.

இவ்வளவு பயத்திலும் எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது, ஹேமாவின் சோதனை. அன்று மாலை நானே போய் உட்கார்ந்தேன். குடை, எலுமிச்சை, வாத்து, தபால், கயிறு. பதினைந்தும் வரிசை பிசகாமல் வந்தன. முகம் மலரக்கூடாது என்பதையும் மறந்து அவள் மலர்ந்தாள். என் உடம்பிலிருந்து பாதி பாரம் இறங்கியது. மூளை கெட்டிருந்தால் இது வருமா? அதன் பிறகு தினமும் நானே கேட்டு வாங்கிச் சோதனைக்கு உட்கார்ந்தேன். இவ்வளவு ஒத்துழைக்கிற ஆள் ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது என்று ஹேமா போனில் மேடத்திடம் பெருமையடித்தாள்.

தேர்வு நெருங்கியதும் அவள் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். கேள்வியை வாசித்து, நாலு விடைகளையும் வாசித்து, சரியானதைச் சொல்வாள். நான் கூடத்தில் டிவியை ஊமையாக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு ஆள் வருவார். ஐம்பது வயது வங்கி ஊழியர், பணத்தை மாற்றிக் கொடுக்கிறார். அது நான்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை, அடுப்பை அணைக்க மறக்கிறாள். அவளும் நான்தான். விடையை ஹேமா சொல்வதற்குள் எனக்கு மூச்சு முட்டும். சிலருக்கு மனச்சோர்வு, சிலருக்கு மூளைத் தேய்வு. தேய்வுக்கு மருந்து உண்டா என்று எந்தக் கேள்வியிலும் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் இப்படி ஒரு கேள்வி வந்தது. ஒரே நபருக்கு ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது, திறன் கூடாமலே மதிப்பெண் கூடுவது ஏன்? ஹேமா விடை சொன்னாள். பழகிப்போவதால். சோதனையை மனப்பாடம் செய்துவிடுவதால். அந்த மதிப்பெண்ணை நம்பக்கூடாது.

நான் எழுந்து போய் அவள் அறை வாசலில் நின்றேன். அப்படி என்றால் நிஜ மதிப்பெண்ணை எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று, பொழுதுபோகாமல் கேட்பவன் மாதிரி கேட்டேன். அதற்கென்று இணையான வேறொரு தொகுப்பு இருக்கிறது என்றாள். அதே கஷ்டம், வேறு சொற்கள். அவளிடமும் இருக்கிறது. உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கவேண்டும் என்றாள். "நீங்கதான் உட்காரணும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அன்றிலிருந்து அந்த உறையை நினைத்துத்தான் நான் பயந்தேன். பிரிக்காத உறைக்குள் நான் யார் என்பது இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மறுநாள் காலை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. காலையில் கறி வாங்கப் போகிறேன் என்று நழுவிப் பார்த்தேன், ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்றாள். தலைவலி என்றேன், அது பொய்யும் இல்லை. பத்து நிமிஷம்தான், முடித்துவிட்டுத் தூங்குங்கள் என்று டீ டம்ளரை என் கையில் கொடுத்து உட்காரவைத்தாள். வழக்கம்போல வரலாறு. அவளே கேட்டாள், அவளே பதில் சொன்னாள். தலையில அடி, இல்ல.

பிறகு புதுச் சொற்கள். முயல், பலகை, கொய்யா, ஊசி என்று ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் கெட்டியாகப் பிடித்தேன். அடுத்தது வந்தபோது முந்தியது போயிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, சொல்லுங்க என்றாள். என் வாய் திறந்தது. குடை, எலுமிச்சை, வாத்து, தபால், கயிறு. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. பதினைந்தும் வரிசையாக வந்தன.

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கோபத்தில். "நாளைக்கு எனக்கு எக்ஸாம். இன்னிக்காவது வெளையாடாம இருக்க முடியாதா உங்களால?" என்றாள்.

எனக்கு வழி திறந்தது அப்போதுதான். இத்தனை மாதம் வாத்து வாத்து என்று அடித்த கூத்து எனக்குக் கைகொடுத்தது. நிஜத்தைச் சொன்னால் நாளைக்கு இவள் தேர்வுக்குப் போகமாட்டாள். மூன்று வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தது வீணாகிவிடும். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு நாள் நான் நார்மல். இரண்டில் எதற்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று கேட்டால், இரண்டாவதற்காகத்தான். சும்மா சொன்னேன், மறுபடி வாசி என்றேன்.

மறுபடி வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்று வந்தது, முயல். மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்தது, அந்த வெறுமைக்குள் குடையும் எலுமிச்சையும் தாமாக வந்து உட்கார்ந்தன. கண்ணைத் திறந்தபோது ஹேமா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் சாய்ந்து டீ என் தொடையில் ஊற்றிக்கொண்டிருந்தது. கை தொய்ந்திருந்தது. சூடு தெரிந்தது, கை சாய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அவள் ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். டம்ளரை வாங்கி வைத்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, தலையில எப்பவாச்சும் அடிபட்டுச்சா?"

இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

நான் சொன்னேன். தரைப்பாலம், சேறு, கீறல் விழாத ஹெல்மெட், பால்காரர், கறுப்பு அப்பர், மாதனூர், பஸ், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்தப் பக்கம் அடிபட்டது, அப்புறம் வாந்தி வந்ததா, நடக்கும்போது தள்ளுகிறதா என்று மட்டும் கேட்டாள். குரல் சோதனையில் வாசிக்கிற குரல்தான், ஏறவில்லை, இறங்கவில்லை. பிறகு மேடத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மேடம் ஒன்றுதான் சொன்னாராம். உடனே கூட்டிக்கொண்டு வா, அவரை வண்டி ஓட்ட விடாதே.

ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்குக் கிடைத்தது அம்சவேணி வீட்டு வேன்தான். அவள் புருஷன் மறுநாள் அனுப்பவேண்டிய லுங்கிக் கட்டுகளை இறக்கக்கூட நேரம் பார்க்காமல் வண்டியை எடுத்தார். கட்டுகளுக்கு நடுவில் நானும் ஹேமாவும். என் தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டுகளை அண்டக்கொடுத்தாள். புதுத்துணிக் கஞ்சி வாசனை. எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை. அடிபட்ட இடத்தில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்து அழுத்தலாம், அப்படி இருந்தால் துளை போட்டு எடுத்துவிடலாம், மறதி திரும்பலாம் என்றாள்.

"ரத்தம் இல்லன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டும்வரை திரும்பவில்லை. என் வாழ்நாளில் முதல்முறையாக என் தலைக்குள் ரத்தம் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிறைய இருக்கட்டும் என்றுகூட வேண்டினேன்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயது. ஹேமாவைப் பார்த்ததும் இங்கே படிக்கிறவர் என்று அடையாளம் கண்டுகொண்டு, என்னை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார். சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, என்னென்ன மாத்திரை. "எனக்குத் தெரியாது. அவரையே கேளுங்க" என்றாள் ஹேமா. அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை, இந்தத் தலைக்குள் என்ன போனாலும், நான் மறக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஸ்கேனில் ரத்தம் இருந்தது. வலப்பக்கம், தடிப்பாக, மூளையை மறுபக்கம் தள்ளிக்கொண்டு. இன்றைக்கே எடுக்கவேண்டும், இவ்வளவு நாள் நடமாடியதே பெரிது என்றார் டாக்டர். எனக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. கையெழுத்துக்குக் காகிதத்தோடு நர்ஸ் வந்தபோது அந்த சந்தோஷம் போய்விட்டது. எழாமலே போகலாம், எழுந்தாலும் பேச்சு வராமல் போகலாம் என்று அதிலிருந்ததை எல்லாம் அவர் வாசித்தார். ஹேமா கையெழுத்துப் போட்டாள். பதிவு எண் தேவைப்படாத கையெழுத்து அது, மனைவி என்றால் போதும்.

தலையை மழித்தார்கள். நாளைக்குத் தேர்வுக்குப் போ, உன் நார்மல்தான் ஃபெயில் ஆகிவிட்டது, நீயாவது பாஸ் பண்ணு என்று அவளிடம் சொன்னேன். ட்ராலியைத் தள்ள ஆரம்பித்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். சின்ன வயதில் ஜுரத்தில் எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் சேர்த்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன். உயரத்தைப் பார்த்தால் பயமா, இருட்டைப் பார்த்தால் பயமா, ஏன் கல்யாணத்துக்கு முன்னால் ராணிப்பேட்டை வேலையை விட்டீர்கள். கட்டாயம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தாண்டி, எந்தத் தேர்விலும் கேட்காத கேள்விகளுக்குப் போய்விட்டாள். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எதற்கும் அவளாகப் பதில் சொல்லவில்லை.

இப்போது ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறாள் என்று எனக்குப் பாதி வழியில் புரிந்துவிட்டது. உள்ளே போன நான் வெளியே வராவிட்டால், அல்லது வந்தும் எதுவும் தெரியாமல் வந்தால், இதெல்லாம் ஒருவரிடமாவது இருக்கவேண்டும். புரிந்ததும் வேகமாகச் சொன்னேன், கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். கதவருகில் நர்ஸ் அவள் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். என்னை முதல்முதலில் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, என்று அவள் ஆரம்பித்திருந்தாள். கேள்வி முடியும் முன் கதவு சாத்தப்பட்டது. பதில் என்னிடம் இருந்தது.